மழை தொடாத பிள்ளை

ஊசிப்பாறை எஸ்டேட்டுக்கு மே மாதக் கடைசியில் மலையேறி வரும் மழை கார்த்திகை பிறந்த பிறகுதான் மனசில்லாமல் இறங்கிப் போகும் என்பதால், அங்கே பாதிப் பிள்ளைகள் மழையில் பிறந்து மழையிலேயே வீடு வந்து சேர்ந்தார்கள். வடிவின் மகளும் அப்படித்தான், பிறந்த ஐந்தாம் நாள், ஆடி மாதத்து அடைமழையில், எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பன் நயினாரின் கையில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு வந்தாள். பாதி வழியில் காற்று குடையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டது. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து மூடிக்கொண்டு ஓடிய நயினார் வாசலுக்கு வந்து நிமிர்ந்தபோது அவன் தலைமுடியிலும் மூக்கு நுனியிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையும் பிள்ளையைச் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியும் வெயிலில் காயவைத்து எடுத்ததுபோல் மொரமொரவென்று இருந்தன. பின்னாலேயே ஆஸ்பத்திரி ஆயாவின் குடையில் வந்து சேர்ந்த வடிவு துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, எப்படி நனையாமல் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். தனக்கும் தெரியவில்லை என்றான் நயினார்.

இரண்டாம் மழையில் தெரிந்துபோயிற்று. மழை பிள்ளையைத் தொடவில்லை. வானத்திலிருந்து நேராக வருகிற தாரை அவளுக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர்மேல் போய் விழுந்தது. அதனால் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தங்கள் பங்கு மழையோடு அவள் பங்கையும் சேர்த்து நனைந்தார்கள். குழாய்த் தண்ணீர் அவளை நனைத்தது, ஓடைத் தண்ணீர் நனைத்தது, அழுதால் கண்ணீர் கன்னத்தை நனைத்தது. மழை மட்டும் அவளை விட்டு விலகிப் போனது. பவளக்கொடி என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வாரம் எஸ்டேட்டே வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் பார்க்க ஆளில்லை, ஏனென்றால் மழைக்காலத்தில் எல்லோருக்கும் வேலை இருந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இதை எழுதக் கட்டம் இல்லாததால் டாக்டர் ‘நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு அவளால் எல்லோருக்கும் உபயோகம் வந்தது. ரேஷன் கார்டை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் அதை அவள் சட்டைக்குள் செருகி அனுப்பினார்கள். தீப்பெட்டி, பள்ளிக்கூடச் சர்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் எழுத்து அழியாமல் சேர்ந்தன. எஸ்டேட் ஆபீசில் மழை அளக்கிற கிளார்க் மட்டும், அந்தப் பிள்ளை கருவிக்குப் பக்கத்தில் விளையாடுகிற நாட்களில் அளவு தப்பாகக் காட்டுகிறது என்று புகார் எழுதினார். வடிவின் மகள் பவளக்கொடி மழைமானிக்குப் பத்தடி தள்ளி விளையாடவும் என்று மேனேஜர் சுற்றறிக்கை விட்டார். அதுவும் நோட்டீஸ் போர்டில், போனஸ் அறிவிப்புக்கும் வெறிநாய் ஊசி அறிவிப்புக்கும் நடுவில், வெகுநாள் ஒட்டியிருந்தது.

பிள்ளை அதிசயமாக இருப்பது யாருக்கும் தொந்தரவாக இல்லை. அந்த அதிசயம் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விதான் லைன் லைனாக ஏறி இறங்கியது. நயினார் நனைவான். தேயிலைத் தொழிற்சாலையில் இலையை உலர்த்தும் டிரையர் எந்திரத்தை ஓட்டுகிறவன் அவன். வேலை முடிந்து மழையில் வீடு வந்தால் பிழிந்து எடுக்கலாம். வடிவும் நனைவாள். நாற்றங்காலில் வேலை பார்க்கும் அவளுக்கு ஆறு மாதம் கால்விரல் இடுக்கு வெளுத்தே கிடக்கும். இரண்டு நனைகிற ஆட்களுக்கு நனையாத பிள்ளை எப்படி? முதலில் டிரையர் சூடு ரத்தத்தில் ஏறியிருக்கும் என்றார்கள். அந்தப் பேச்சு சப்பென்று போனதும், வருஷா வருஷம் மே மாதம் மலைக்கு வந்து மழை முடியும்வரை லைன் லைனாக உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்துவிட்டுப் போகும் செபஸ்தியானின் ஞாபகம் யாருக்கோ வந்தது. மழையே தொடாத பிள்ளைக்குக் குடைக்காரனைத் தவிர வேறு யார் அப்பனாக இருக்க முடியும் என்று கொழுந்து பறிக்கிற இடத்தில் ஒருத்தி சிரிப்புக்குச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அது சிரிப்பில்லாமல் நயினார் காதுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த மே மாதக் கடைசியில் செபஸ்தியான் தோளில் பையும் கம்பிக்கட்டுமாக வந்தபோது யாரும் அவரிடம் குடை கொடுக்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய, முதுகு வளைந்த மனிதர். காரணம் அவருக்கு மூன்றாவது லைனில் தெரிந்தது. அவர் நேராக நயினார் வீட்டு வாசலுக்கு வந்து, பையைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, மழைக்கு நடுவில் போய் நின்றார். கால் மணி நேரம் நின்றார். சட்டை உடம்போடு ஒட்டி விலா எலும்பு தெரிந்தது.

"நல்லாப் பாத்துக்கிடுங்க, நான் நனையுதவன்தான்" என்று நயினாரைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் புள்ள எனக்குப் பேத்தி மாதிரி."

வடிவு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள், காப்பியும் கொடுத்தாள். அவர் நடுங்கிக்கொண்டே குடித்துவிட்டு அன்றைக்கே மலை இறங்கினார். அவர் நனைந்ததால் ஆனது ஒன்றுமில்லை. நனைகிறவன் அப்பனாக முடியாது என்றால் நயினாரும் அப்பன் இல்லை, நனைகிறவன் அப்பனாகலாம் என்றால் செபஸ்தியானும் ஆகலாம் என்று அதையும் இரண்டு பக்கமாகப் பேசினார்கள்.

வடிவு யோசித்துக்கொண்டேயிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் நாற்றங்காலில் செய்கிற வேலை, நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையோடு ஒரு கணுவை வெட்டி மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் நடுவது. அப்படி வளர்கிற ஆயிரம் செடியும் தாய்ச்செடியை உரித்து வைத்ததுபோல் இருக்கும். இலையின் மினுக்கம்கூட மாறாது. ஆனால் மேட்டுக்காட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்டு வளர்த்த பழைய தேயிலை உண்டு. அங்கே ஒரு செடியைப்போல் அடுத்த செடி இருக்காது. ஒரு தாயிலிருந்து வெட்டினால் அதே தாய். இரண்டு பேர் சேர்ந்த விதையென்றால் எது எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. இதை அவள் கை அறிந்திருந்தது. மீதியை அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அவரைப்பந்தல் சொல்லியது.

அந்த வருஷம் மார்கழிப் பனியில் அவரை பூத்தபோது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நயினாரைப் பந்தலடிக்குக் கூட்டிப் போனாள். போன தை மாதம் ஊதாப்பூ பூத்த ஒரே கொடியிலிருந்து பறித்த விதையைத்தான் இந்தத் தடவை ஊன்றியிருந்தாள். இருபத்துமூன்று கொடி வந்தது. பதினேழு ஊதாவாகப் பூத்திருந்தது, ஆறு வெள்ளையாக.

"ஊதாக்கொடிக்கு வெள்ளப்பூ எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். "எந்தக் குடைக்காரன் வந்தான் இதுக்கு?"

நயினார் ஒரு வெள்ளைப்பூவைக் கிள்ளி எடுத்துப் பார்த்தான்.

அவள் நிதானமாகச் சொன்னாள். எல்லாம் இரண்டு பங்காக வருகிறது, தாய் பக்கம் ஒரு பங்கு, தகப்பன் பக்கம் ஒரு பங்கு. ஒரு பங்கு ஊதாவாக இருந்தாலே பூ ஊதாவாகத்தான் பூக்கும், அதற்குள் வெள்ளை ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பங்கும் வெள்ளையாகக் கூடினால்தான் வெள்ளை வெளியே வரும். நாலில் ஒன்றுக்கு அப்படி வாய்க்கிறது. ஒரு வருஷம் கூட, ஒரு வருஷம் குறைய. "நாம ரெண்டு பேரும் ஊதா மாதிரி" என்றாள். "ஒங்ககிட்டயும் ஒரு பங்கு ஒளிஞ்சிருக்கு, எங்கிட்டயும் ஒரு பங்கு ஒளிஞ்சிருக்கு. இல்லன்னா இவ வந்திருக்க முடியாது. ஒங்க பக்கத்துல முன்னால யாராச்சும் இப்படி இருந்தாங்களான்னு ஒங்க அக்காகிட்ட கேளுங்க. எங்க பக்கத்த நான் விசாரிக்கேன்."

நயினாரின் அக்கா பிச்சம்மாள் இரண்டு லைன் கீழே தனியாக இருந்தாள். புருஷன் செத்துப் பல வருஷமாகிறது, பிள்ளை இல்லை. அப்பனும் அம்மையும் போன பிறகு நயினாரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். பவளக்கொடியை முதன்முதலில் மழையில் பார்த்த அன்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். அதற்குப் பிறகு ஒருநாளும் பிள்ளையைத் தூக்கியதில்லை. அருவருப்பு என்று லைன் நினைத்தது. நயினார் போய்க் கேட்டபோது அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, நம் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை என்றாள். அவன் இன்னொரு தரம் கேட்டான். இல்லை என்றால் இல்லைதான் என்றாள்.

அவரைக்கொடியை விட அக்கா சொல் பெரிதாகத் தெரிந்தது நயினாருக்கு. அவன் வடிவை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். வடிவுக்குத் தன் பக்கத்தில் விசாரிக்கவும் ஆளில்லை. அம்மா செத்து ஒன்பது வருஷம், அப்பா யாரோடும் ஒட்டாமல் மலைக்கு வந்து மலையிலேயே புதைந்தவர். வடிவும் நயினாரும் எஸ்டேட்டிலேயே பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். அப்போது யாரும் ஊர் பேர் தோண்டிக் கேட்கவில்லை. மழை நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் குழந்தைக் காப்பகத்துக்குப் போகிறபோது இரண்டு பங்கு மழையும் அவள் ஒருத்திமேலேயே விழுந்தது. அவள் நடையை மெதுவாக்கவில்லை. நாற்றங்காலில் பெண்கள் அவளோடு பேசினார்கள், உப்புக்கண்டம் பகிர்ந்துகொண்டார்கள், அவள் எழுந்து போனதும் அவளைப் பற்றிப் பேசினார்கள்.

பவளக்கொடிக்கு மூன்று வயது ஆகப்போகிற ஆனி மாதம், ஒரு மத்தியானம், காப்பகத்து ஆயா கண்ணசந்த நேரத்தில் பிள்ளை வெளியே வந்துவிட்டது. அப்பன் எங்கே இருக்கிறான் என்று அதற்குத் தெரியும். கொட்டுகிற மழையில் தனியாக இரண்டு லைன் நடந்துபோய்ப் பிச்சம்மாள் வீட்டு வாசலில் நின்றது. கைமுட்டி வீங்கி வேலைக்குப் போகாமல் இருந்த பிச்சம்மாள் கதவைத் திறந்தாள். அப்பா இருக்காவளா அத்தை என்று பிள்ளை கேட்டது. அவன் வேலைக்குப் போயிருக்கான், நீ போ என்றாள் பிச்சம்மாள். பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தது. அழக்கூட இல்லை. மஞ்சள் சட்டை போட்ட அந்தச் சின்ன முதுகு, ஊரெல்லாம் கரைந்து ஓடுகிற மழையில், ஒரு சொட்டு ஈரமில்லாமல் போய்க்கொண்டேயிருந்தது. பிச்சம்மாள் கதவைச் சாத்தப் போனாள், கை வரவில்லை. அடுத்த நிமிஷம் செருப்பில்லாமல் ஓடினாள்.

பிள்ளையை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்ற இடம் நாற்றங்கால். நிழல்வலைக்கு அடியில் இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பைக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள், நடுவில் வடிவு. இரண்டு மழை நனைந்த பிச்சம்மாளின் சேலையிலிருந்து தண்ணீர் ஓடியது. பிள்ளையை வடிவின் மடியில் வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் பொய் சொன்னேன் வடிவு. இது எங்க வீட்டுப் பிள்ளதான்."

மண் அள்ளிய கைகள் அப்படியே நின்றன. அவள் உட்காராமல் நின்றபடியே சொல்லி முடித்தாள். கீழே, கருவேலங்குறிச்சி என்ற கரிசல் ஊரில், அவள் அப்பாவழித் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். மழை அவரைத் தொடாது. நல்ல காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மழையில் ஏர் பூட்டினாலும் அவர் வேட்டி காய்ந்திருக்கிறதே என்று கேலி பேசியதோடு சரி. பிறகு மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் வானம் பொய்த்தது. குளம் வெடித்தது, மாடுகளை அவிழ்த்து விட்டார்கள். மழைக்குப் பிடிக்காத மனுஷன் ஊரில் இருக்கிறவரைக்கும் மழை எப்படி வரும் என்று பேச்சு எழுந்தது. நாட்டாமை தலைமையில் ஊர் கூடி அவரைப் போகச் சொன்னது. பெண்டாட்டியும் கைப்பிள்ளையும் முன்னால் போக, அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டியபோதே மழை பிடித்துக்கொண்டது.

"அதுதான் கொடும" என்றாள் பிச்சம்மாள். "மழை பேஞ்சிட்டதுனால, செஞ்சது சரின்னு ஊரே நம்பிட்டுது. எனக்கு ஏழு வயசு. அப்பா தோள்ல இருந்து பாத்தேன். எல்லாரும் மழையில நின்னு ஆடுதாவ. அவரு மட்டும் நனையாமப் போறாரு."

ஒரு மாதத்தில் அவள் அப்பா குடும்பத்தோடு மலைக்கு ஏறினார். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற இடத்தில் யார் வயிற்றில் எது பிறந்தாலும் மழை நின்றுபோயிற்று என்று விரட்ட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று மகளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பிள்ளையைப் பார்த்த நாளிலிருந்து பயந்து செத்தேன், அந்தப் பயத்தில் உன்னைப் பலி கொடுத்துவிட்டேன் என்றாள் பிச்சம்மாள்.

வடிவு பிள்ளையின் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு, "அவரு பேரு என்ன மதினி?" என்று கேட்டாள்.

"சங்கிலிபூதத்தான்."

வடிவின் கையிலிருந்த பை சரிந்து மண் கொட்டியது. அவள் அம்மாவின் அப்பா பெயரும் அதுதான். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். மழை வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். அப்பாவுக்கு இடியென்றால் பயம் என்றே மகள் நினைத்தாள், சாகும்வரை அவரை யாரும் மழையில் பார்த்ததில்லை. அந்தக் கைப்பிள்ளைதான் வடிவின் அம்மா. ஒரு வீட்டு விதை இரண்டு திசைக்குப் போய், இரண்டு பக்கமும் வெளியே தெரியாமல் ஒளிந்து வந்து, மலைமேல் வந்து கூடியிருந்தது.

பெண்கள் விரல்விட்டு முறை எண்ண ஆரம்பித்தார்கள். அப்படிப் பார்த்தால் வடிவின் அம்மா நயினாரின் அப்பாவுக்குத் தங்கச்சி முறை, நயினாருக்கு அத்தை. வடிவு அவனுக்கு அத்தை மகள். முறை சரியாகத்தான் இருக்கிறது என்று மூலையில் ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். செபஸ்தியான் பேச்சை முதலில் எடுத்தவள் சிரிக்காமல் எழுந்து வந்து, கொட்டிய மண்ணை அள்ளி வடிவின் பையில் நிரப்பிக் கொடுத்தாள்.

அன்று வேலை முடிந்து, அக்காவிடம் எல்லாம் கேட்டுவிட்டு, நயினார் வடிவின் வாசலுக்கு வந்து நின்றான். வடிவு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"பூவக் காட்டிச் சொன்னேன், நம்பல" என்றாள். "அக்கா சொன்ன ஒடனே நம்பிட்டீங்க."

"ஆமா" என்றான் அவன்.

மூன்று வாரம் அவன் தாழ்வாரத்தில்தான் படுத்தான். காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனான், சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தான். நாலாவது வாரம் அவன் பையை வடிவு உள்ளே எடுத்து வைத்தாள். செபஸ்தியானிடம் நயினாரே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தான்; அவர் வந்து கோபமில்லாமல் நாற்பது குடை தைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மாதம் கருவேலங்குறிச்சிக்குப் போக வேண்டும் என்று வடிவு சொன்னாள். பிச்சம்மாள் வேண்டவே வேண்டாம் என்றாள். விரட்டியதால் தாத்தா சாகும்வரை மழைக்கு ஒளிந்து கிடந்தார், என் பிள்ளை ஒளிந்து வளரமாட்டாள் என்றாள் வடிவு. நாலு பேரும் பஸ் மாறி மாறிப் போய் இறங்கியபோது மத்தியானம். கரிசல் மழை இருட்டிக்கொண்டு வந்து, தெருவில் கால் வைத்ததும் கொட்டத் தொடங்கியது. சனங்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். நடுத்தெருவில் பிச்சம்மாள், நயினார், வடிவு மூன்று பேரும் ஒழுக ஒழுக நடந்தார்கள், அவர்கள் நடுவில் மஞ்சள் சட்டையில் பவளக்கொடி காய்ந்தபடி நடந்தாள். வாசல் நிலைகளில் முகங்கள் தெரிந்தன. பிச்சம்மாள் வடிவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தெருக்கோடியில் காரை பெயர்ந்த பெரிய வீட்டிலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மழைக்குள் இறங்கி வந்தார். இதுதான் நாட்டாமை வீடு என்று பிச்சம்மாள் மெதுவாகச் சொன்னாள். அவர் பிள்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அதன் காய்ந்த தலைமுடிமேல் கையை நீட்டி, மழை தன் கையில் பட்டு அதன் தலையில் படாததைப் பார்த்தார்.

"சங்கிலிபூதத்தானுக்கு நீங்க என்ன வேணும்?" என்றார்.

"பேத்தி" என்றாள் வடிவு. "இது அவரு கொள்ளுப்பேத்தி."

அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "அவரத் தாட்டிவிட்டது எங்க தாத்தாதான். எல்லாரும் ஒரே வளசல், ஒரே ரத்தம்தானம்மா, பொண்ணு எடுத்துப் பொண்ணு குடுத்தவங்க. அதுக்குப் பொறவு அது எங்களுக்குத் தெரியாமலே எங்க வீடுகளுக்குள்ளயும் வந்திட்டுது. வெளிய சொல்ல முடியுமா."

எழுந்து வீட்டைப் பார்த்து, "ராசகனி, வெளிய வா தாயி" என்று கூப்பிட்டார்.

உள்ளே தாழ் விலகும் சத்தம் கேட்டது. இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் நிலைப்படி வரை வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பவளக்கொடியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு காலை வெளியே வைத்தாள், மறு காலையும் வைத்தாள். மழை அவளுக்கு மேலே வந்து பிரிந்து அவள் அப்பாமேல் இறங்கியது. அவர் கண்ணைத் துடைக்காமல் அப்படியே நின்று நனைந்தார். எதிர்ச்சாரியில் ஒரு கதவு திறந்தது. தலை நரைத்த ஒருவர், போர்த்திய துண்டு காய்ந்தபடி, மழையில் எப்படி நடப்பது என்று தெரியாதவராக இரண்டடி வைத்து நின்றார். அதற்கு அடுத்த வீட்டில், யாரோ தடுக்கிற குரலையும் மீறி, ஒரு சிறுமி வெளியே ஓடி வந்தாள்.